மும்பையில் ஒரே தெருவில் 500 ரூபாய் வாடகையும் 60,000 ரூபாய் வாடகையும் எப்படி?

வேலை நிமித்தம் மும்பைக்குக் குடிபோகும் ஒருவர் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார். தாதரில் ஒரு குடும்பம் மாதம் 500 ரூபாய் வாடகை தருகிறது, பக்கத்துக் கட்டடத்தில் 60,000 கேட்கிறார்கள், இது எப்படி? ஆலைகள் மூடி இத்தனை காலமான பிறகும் நிலத்துக்கு ஏன் இப்படி விலை? வீடு பார்க்கும்போது எதைச் சரிபார்க்க வேண்டும்?

மூன்றும் ஒரே முடிச்சில்தான் சேர்கின்றன. மும்பையில் ஒரு வீட்டின் வாடகையைச் சொல்ல, அதன் இடமும் சதுர அடியும் தெரிந்தால் போதாது. அந்த வீடு எந்தக் காலத்துச் சட்டத்துக்குள் அடங்குகிறது என்று தெரிய வேண்டும். 1947, 1960, 1971, 1999 என நான்கு சட்டங்களின் கீழ் நான்கு வகைக் குடித்தனங்கள் ஒரே தெருவில் நடக்கின்றன. இந்தக் காகித வேறுபாடு புரிந்தால் அந்த நகரம் பாதி புரிந்த மாதிரி.

முதலில் நிலம். ஏழு தீவுகளாக இருந்த இடத்தை 1668இல் ஆண்டுக்கு 10 பவுண்டு குத்தகைக்கு கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்தது. கடலைத் தூர்த்துத் தூர்த்துத் தீவுகளை ஒட்டவைத்தார்கள். துறைமுகமும் கோட்டையும் தென்முனையில் அமைந்ததால் ஊர் வளர ஒரே திசைதான் இருந்தது, வடக்கு. சென்னை மாதிரி மூன்று பக்கமும் பரவ வழியில்லை. 1853இல் போரி பந்தர் முதல் தாணே வரை ரயில் ஓடத் தொடங்கியதும் அந்த வடக்குத் திசை இரும்பில் எழுதப்பட்டுவிட்டது.

அடுத்த ஆண்டே, 1854இல், காவஸ்ஜி நானாபாய் தாவர் முதல் பருத்தி ஆலைக்கு அடித்தளம் போட்டார். பிறகு பரேல், லால்பாக், வொர்லி, பைகுல்லா வட்டாரம் முழுக்க ஆலைகள். அந்தப் பகுதிக்கு கிரண்காவ் என்றே பெயர், ஆலையூர் என்று பொருள். கொங்கண், மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலிருந்து ஆண்களை ஜாபர் என்ற மேஸ்திரி அழைத்துவந்தார். வேலை கொடுப்பதும் நிறுத்துவதும் அவர் கையில்தான். குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர்களுக்காக எழுந்ததே சால்: ஏறத்தாழ பத்துக்குப் பத்து அறைகள் வரிசையாக, முன்னால் எல்லோருக்கும் பொதுவான நீள வராந்தா, கடைசியில் பொதுக் கழிப்பறை. ஒரே அறையில் பத்துப் பதினைந்து பேர் ஷிப்ட் மாற்றித் தூங்குவார்கள். அவர்களுக்குச் சமைத்துப் போட்ட பெண்களின் கானாவள்கள், அதாவது சாப்பாட்டு மெஸ்கள், தனித் தொழிலாகவே வளர்ந்தன. அறை தூங்க மட்டும், மற்ற வாழ்க்கை எல்லாம் வராந்தாவில் என்ற பழக்கம் அப்போது வந்தது. மண்டல்கள் என்ற தெரு கணபதி விழாக் குழுக்கள் இவ்வளவு வலுவாக இருப்பதற்கும் சால் முற்றம்தான் நாற்றங்கால்.

1896இல் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் பிளேக் வந்தது. மக்கள் லட்சக்கணக்கில் ஊரைவிட்டு ஓடினார்கள். அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் உருவானது. நெரிசலான சந்துகளை இடித்து அகலச் சாலைகள் போட்டது, வடக்கே தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளைத் திட்டமிட்ட மனைகளாக்கியது. ஆங்கிலமும் தட்டச்சும் கற்று ரயில்வே, வங்கி, கம்பெனி வேலைகளுக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் மாட்டுங்காவில் குடியேறியது இந்தத் திட்டத்தால்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த மனைகள் எட்டவில்லை. அவர்கள் ஊருக்கு வெளியே சதுப்பில் இருந்த தாராவிக்குப் போனார்கள். இரண்டு தமிழ் வட்டாரங்களுக்கும் இடையே நடந்துபோகும் தூரம்தான். ஆனால் ஒன்று மனைப்பட்டாவில் தொடங்கியது, மற்றது காகிதமே இல்லாமல் தொடங்கியது. நூறு ஆண்டு கழித்தும் அந்த வித்தியாசம் வாடகையில் தெரிகிறது.

இப்போது 500 ரூபாய் வாடகைக்கு வருவோம். போர்க்காலத்தில் வாடகை எகிறியதால் 1947இல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் 1 அன்று என்ன வாடகையோ அதுதான் நியாய வாடகை என்று உறைய வைத்தார்கள். தற்காலிகம் என்று சொல்லி வந்த சட்டம் அது. திரும்பத் திரும்ப நீட்டித்து ஐம்பது ஆண்டு ஓட்டினார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம் இந்த உறைநிலை நியாயமற்றது என்று சொன்ன பிறகே 1999இல் புதிய சட்டம் வந்தது, 2000 மார்ச் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலும் பழைய வாடகையை ஆண்டுக்கு 4 சதவீதம் மட்டுமே உயர்த்தலாம். 100 ரூபாயில் 4 சதவீதம் 4 ரூபாய்தான், கால் நூற்றாண்டு ஏற்றினாலும் 300ஐத் தாண்டாது.

வாடகையில் எடுக்க முடியாததை வீட்டுக்காரர்கள் வேறு வழியில் எடுத்தார்கள். அதுதான் பக்டி. உள்ளே வரும்போது ஒரு பெருந்தொகை கொடுக்க வேண்டும், அது திரும்பாது. பிறகு மாதம் பெயருக்கு ஒரு வாடகை. வாடகைதாரர் வெளியேறும்போது அந்த உரிமையை இன்னொருவருக்குச் சந்தை விலைக்கு விற்கலாம். கட்டட உரிமையாளருக்கு அதில் பங்கு, வழக்கத்தில் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை. நீண்ட காலம் இது சட்டவிரோதமாகவே நடந்தது, 1999 சட்டம்தான் அங்கீகரித்தது. பக்டி அறையில் இருப்பவர் சட்டப்படி வாடகைதாரர், ஆனால் தன்னைச் சொந்தக்காரராகவே நினைக்கிறார். தவறில்லை, பணம் கொடுத்துத்தானே வந்திருக்கிறார். ஆனால் வங்கி அப்படி நினைப்பதில்லை, பக்டி வீட்டுக்கு வீட்டுக்கடன் கிடைப்பது மிக அரிது.

இந்தச் சட்டம் குடும்ப அமைப்பையே மாற்றியதை வெளியூர்க்காரர்கள் கவனிப்பதில்லை. வாடகைதாரர் இறந்தால், இறக்கும்போது அவருடன் வசித்த குடும்பத்தாருக்கே முதலில் உரிமை போகும். அதனால் பாட்டியின் அறையில் ஒரு பேரனாவது தங்கி, ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் அந்த முகவரியை வைத்திருப்பான். தக்க காரணமின்றி ஆறு மாதம் பயன்படுத்தாமல் விட்டால் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடலாம். அதனால் புறநகரில் பெரிய வீடு வாங்கியவர்களும் பழைய அறையின் மின்கட்டணத்தைக் குறையாமல் பார்த்துக்கொள்கிறார்கள். 180 சதுர அடியில் மூன்று தலைமுறை நெருங்கி வாழ்வதற்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை. வெளியே போனால் உரிமை போய்விடும் என்ற கணக்கும் உண்டு.

பக்டி வாங்க யாராவது ஆலோசனை சொன்னால் ஒரு விஷயத்தில் உறுதியாக இருங்கள். கட்டட உரிமையாளர் உங்கள் பெயரில் வாடகை ரசீது தர ஒப்புக்கொண்டு, அவர், பழைய வாடகைதாரர், நீங்கள் என மூவரும் கையெழுத்திட்ட பதிவுசெய்த ஒப்பந்தம் இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. பழைய வாடகைதாரருக்கு மட்டும் பணம் கொடுத்துக் குடியேறினால் அது சட்டவிரோத உள்வாடகை ஆகிவிடும். பணமும் போய் இடமும் போன வழக்குகள் பெரும்பாலும் இப்படித் தொடங்கியவைதான்.

வருமானம் இல்லாத கட்டடத்தை யார் பழுதுபார்ப்பார்கள்? 1969இல் அரசு ஒரு பழுதுபார்ப்பு வாரியம் அமைத்து, பழைய கட்டடங்களிடம் செஸ் என்ற தனி வரியை வசூலிக்கத் தொடங்கியது. 1977க்குப் பிறகு அது ம்ஹாடா என்ற வீட்டுவசதி ஆணையத்தின் கீழ் வந்தது. ‘செஸ் கட்டடம்’ என்று புரோக்கர் சொன்னால், தீவுநகரில், அதாவது மும்பையின் பழைய தென்பகுதியில், 1969 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்டது என்று அர்த்தம். வசூலாகும் செஸ் பழுதுச் செலவுக்குப் போதவில்லை, கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தி வைக்கிறார்கள். 2017 ஆகஸ்ட் 31 அன்று பேண்டி பஜாரில் ஹுசைனி கட்டடம் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நில விலை பற்றிய கேள்விக்கு 1982தான் திருப்பம். அந்த ஆண்டு ஜனவரி 18 அன்று தத்தா சாமந்த் தலைமையில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது முறைப்படி முடிக்கப்படவே இல்லை. ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, நகரின் நட்டநடுவில் சுமார் 600 ஏக்கர் நிலம் மிஞ்சியது. 1991 நகர வளர்ச்சி விதிகளின் 58ஆம் பிரிவு, அதை மூன்றாகப் பங்கிடச் சொன்னது: ஒன்று மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒன்று ம்ஹாடாவுக்குப் பொது வீடுகளுக்காக, ஒன்று ஆலை உரிமையாளருக்கு. 2001இல் அந்த விதியைத் திருத்தினார்கள். கட்டடங்கள் நிற்கும் நிலத்தை விட்டு, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்றார்கள். ஆலை என்றால் பெரும்பகுதி ஷெட்தானே, பங்குக்கு வந்த நிலம் சுருங்கிப்போனது. 2006இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்று லோயர் பரேலில் மால்களும் கண்ணாடி அலுவலகங்களும் நிற்கின்றன, அவற்றுக்கு நடுவே பழைய ஆலைச் சாலையின் அகலம் மாறவில்லை. காலை ஒன்பது மணிக்கு அங்கே நெரிசல் மூச்சுமுட்டுவது அந்த ஒரு வரித் திருத்தத்தின் விலை என்பது என் கணிப்பு. பூங்காவும் மலிவு வீடும் வந்திருக்க வேண்டிய இடம் அது.

விலையை ஏற்றும் இன்னொரு சக்கரம் எஃப்.எஸ்.ஐ. மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற வரம்பு அது. தீவுநகரில் 1.33, புறநகரில் 1 என்று நீண்ட காலம் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். அதற்கு மேல் கட்ட வேண்டுமானால் ஏதாவது சலுகைத் திட்டத்துக்குள் வர வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துக் குடியிருப்பவர்களுக்கு இலவசமாகப் புதுவீடு கொடுத்தால் கூடுதல் எஃப்.எஸ்.ஐ. கிடைக்கும். செஸ் கட்டடத்தில் இருப்பவருக்குக் குறைந்தது 300 சதுர அடி இலவசம். 20 வாடகைதாரர்கள் இருந்தால் 6,000 சதுர அடியைப் பில்டர் சும்மா கட்டித்தர வேண்டும். அந்தக் கட்டுமானச் செலவு, மூன்று நான்கு ஆண்டு அவர்கள் வெளியே தங்கத் தரும் வாடகை, மாநகராட்சிக்குக் கட்டும் பிரீமியம், கடன் வட்டி எல்லாம் விற்பனைக்குரிய மீதிப் பிளாட்டுகளின் விலையில் ஏறுகின்றன. ஆக, 2 கோடிக்கு வீடு வாங்குகிறவர் 1947இன் பாக்கியையும் சேர்த்தே கட்டுகிறார்.

பழைய வாடகைதாரருக்கும் இதில் ஆபத்து உண்டு. 51 சதவீதம் பேர் சம்மதித்தால் மறுகட்டமைப்பு நகரும். இடித்த பிறகு பில்டர் பணமின்றி நின்றுவிட்டால் முதலில் நிற்பது இடைக்கால வாடகைதான். பணம் கொடுத்து வாங்கியவர் அல்ல என்பதால் வீடு வாங்குவோருக்கான ரேரா சட்டத்தின் பாதுகாப்பு பெரும்பாலும் இவர்களுக்கு எட்டாது. எனவே காலி செய்வதற்கு முன்பே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதிவுசெய்த மாற்றுக்குடியிருப்பு ஒப்பந்தம் வேண்டும். அதில் தளம், கார்பெட் சதுர அடி (சுவர்களுக்கு உள்ளே உள்ள பரப்பு), ஒப்படைக்கும் தேதி, மாத வாடகை எல்லாம் எண்ணிலேயே இருக்க வேண்டும். வங்கி உத்தரவாதமும் கையில் இருக்க வேண்டும். பொதுவான வாக்குறுதிக் கடிதம் எந்த வேலைக்கும் ஆகாது.

குடிசைப் பகுதிகளிலும் காகிதம்தான் ஆள்கிறது. 2011 கணக்கெடுப்பில் மாநகராட்சி எல்லைக்குள் 1.24 கோடிப் பேர், ஐந்தில் இருவர் குடிசைப் பகுதிகளில். 1971 சட்டமும் 1976 கணக்கெடுப்பும் குடிசைவாசிகளுக்கு போட்டோபாஸ் என்ற அடையாளத்தைக் கொண்டுவந்தன. 1995இல் வந்த எஸ்.ஆர்.ஏ. என்ற குடிசை மறுவாழ்வுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு அடுக்குமாடியில் இலவச வீடு தருகிறது: முதலில் 225, பிறகு 269, இப்போது 300 சதுர அடி. தகுதி என்பது தேதி. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே குடியிருப்பதை நிரூபித்தால் இலவசம். அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்கள் பணம் கட்ட வேண்டும். அதனால்தான் தாராவியில் பழைய மின்கட்டண ரசீதை நகையோடு சேர்த்துப் பூட்டி வைக்கிறார்கள். குடிநீர் இணைப்பும் இதே தேதியோடு கட்டப்பட்டிருந்தது. 2014இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குடிசை சட்டவிரோதமானாலும் தண்ணீர் மறுக்கக் கூடாது என்ற பிறகே மாநகராட்சி கொள்கையை மாற்றியது. எஸ்.ஆர்.ஏ. வீடு மலிவாக விற்பனைக்கு வந்தால், ஒதுக்கீட்டுத் தேதியைப் பாருங்கள். குறிப்பிட்ட ஆண்டுகள் வரை விற்கத் தடை உண்டு. அதற்குள் ‘பவர் ஆஃப் அட்டர்னி’யில் வாங்கினால் உரிமை உங்களுடையதாகாது.

இனி உங்கள் காகிதம்: லீவ் அண்ட் லைசன்ஸ். 1947 சட்டத்துக்குப் பயந்த உரிமையாளர்கள் கண்டுபிடித்த வழி இது. வாடகைதாரர் என்ற உரிமையே தராமல், குறிப்பிட்ட காலம் தங்க அனுமதி மட்டும் தருவது. காலம் முடிந்தும் காலி செய்யாவிட்டால் இருமடங்கு கட்டணம் கேட்க 1999 சட்டம் இடம்தருகிறது. சென்னையிலிருந்து வருகிறவர்கள் 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் அது செல்லாது, எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிவுசெய்தே ஆக வேண்டும். பதிவுசெய்வது உரிமையாளர் பொறுப்பு. பதிவில்லாமல் தகராறு வந்தால், மறுப்பு நிரூபிக்கப்படும் வரை குடியிருப்பவர் சொல்லும் நிபந்தனைகளே ஏற்கப்படும்.

செலவு அதிகமில்லை. முத்திரைத்தீர்வை மொத்த வாடகையில் 0.25 சதவீதம், டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் வட்டி என்று கணக்கிட்டு அதையும் கூட்டுவார்கள். மாதம் 50,000, டெபாசிட் 2 லட்சம், 11 மாதம் என்றால் முத்திரைத்தீர்வை சுமார் 1,400 ரூபாய், பதிவுக்கட்டணம் 1,000. ஏஜெண்ட் கைரேகைக் கருவியோடு வீட்டுக்கே வருவார். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை வழக்கம், புதுப்பிக்கும்போது மறுபடி கேட்பார்களா என்று முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்தது சொசைட்டி. 1960 கூட்டுறவுச் சட்டப்படி பிளாட் உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. உரிமையாளர் வாடகைக்கு விட்டால் சொசைட்டிக்கு முன்கூட்டித் தெரிவித்தால் போதும், விதிப்படி அனுமதி தேவையில்லை. அவர் கட்டும் கூடுதல் தொகையும் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. நடைமுறையில் தனியாள், அசைவம், மதம் என்று கேட்டு மறுக்கிற கமிட்டிகள் நிறைய உண்டு. சட்டம் உங்கள் பக்கம் இருந்தாலும் வாரக்கணக்கில் சண்டை போட்டுக் குடியேறுவதில் நிம்மதி இல்லை. டோக்கன் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே சொசைட்டி செயலாளரிடம் பேசிவிடச் சொல்லி உரிமையாளரை வற்புறுத்துங்கள்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது வரைபடத்தைத் தூர வைத்துவிட்டு ரயில் பாதையைப் பாருங்கள். மேற்கு, மத்திய, ஹார்பர் என்று மூன்று பாதைகள். மாதப் பாஸ் விலை சுமார் 15 ஒற்றைப் பயணக் கட்டணம்தான். இந்த மலிவுதான் சர்ச்கேட்டிலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளியுள்ள விராரில் குடியிருந்து தெற்கே வேலைக்கு வர வைக்கிறது. வீடும் அலுவலகமும் ஒரே பாதையில் இருக்கட்டும். தாதரிலோ குர்லாவிலோ பாதை மாறுவது படியேறி இறங்கும் 15 நிமிடம், நெரிசல் நேரத்தில் அதற்கும் மேல். போரிவலியில் இறங்க வேண்டியவர் மாலையில் விரார் பாஸ்ட் ரயிலில் ஏறக் கூடாது, வாசலை அடைத்து நிற்பவர்கள் இறங்க வழிவிட மாட்டார்கள். பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் வேலை என்றால், ரயில் நிலையத்திலிருந்து பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கும் நேரத்தையும் கூட்டுங்கள். மூன்றாம் மெட்ரோ பாதை அங்கே நேரடியாக நிற்கிறது. பாந்த்ரா, சயானுக்குத் தெற்கே ஆட்டோ ஓடாது, டாக்சி அல்லது பேருந்துதான்.

புகார் செய்ய வேண்டி வந்தால் யாரிடம் என்பது அடுத்த சிக்கல். 1888 சட்டப்படி மாநகராட்சியின் நிர்வாக அதிகாரம் மாநில அரசு நியமிக்கும் ஆணையரிடம், மேயர் பெரும்பாலும் அலங்காரப் பதவி. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவிக்காலம் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே இல்லாமல் ஆணையரே நடத்தினார். சாலை மாநகராட்சியுடையது, பக்கத்துக் கட்டடம் ம்ஹாடாவுடையது, பின்னாலுள்ள குடிசை ரயில்வே நிலத்தில், மேம்பாலம் எம்.எம்.ஆர்.டி.ஏ. என்ற பெருநகர வளர்ச்சி ஆணையம் கட்டியது. மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் அங்கேயே கிடக்கும். முதலில் உங்கள் வார்டின் எழுத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தாதர் மேற்கு என்றால் ஜி வடக்கு, மாட்டுங்கா எஃப் வடக்கு. குப்பை, தண்ணீர், சாக்கடை மூன்றும் வார்டு அலுவலகத்தில்தான் தீரும்.

தண்ணீர் ஏழு ஏரிகளிலிருந்து வருகிறது, பாதிக்கு அருகே பாத்ஸாவிலிருந்து. ஆனால் நாள் முழுக்க வராது, பகுதிக்கு ஏற்பச் சில மணி நேரம்தான். சொசைட்டி தரைத்தொட்டியில் பிடித்து மேலே ஏற்றும். எத்தனை மணிக்கு வருகிறது, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, அந்தச் செலவு யார் தலையில் என்று கேளுங்கள். ஜூனில் ஏரி மட்டம் இறங்கினால் 10 சதவீத வெட்டு வழக்கம். மேல்தளங்களில்தான் முதலில் தெரியும்.

மழைக்குத் தண்ணீர் தேங்கும் இடங்களாக ஹிந்துமாதா, கிங்ஸ் சர்க்கிள், மிலன் சப்வே, அந்தேரி சப்வே பெயர்களை நினைவில் வையுங்கள். பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழைக்குக் கட்டப்பட்டவை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. அதன் பிறகு பல இடங்களில் 50க்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஆனாலும் கனமழையும் 4.5 மீட்டருக்கு மேலான கடலேற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் வடிகால் வாய் அடைபட்டுத் தண்ணீர் திரும்பிவிடும். மழைக்காலக் கடலேற்ற நாட்களின் பட்டியல் சீசனுக்கு முன்பே செய்தித்தாள்களில் வரும். தரைத்தள வீடு பார்க்கிறீர்கள் என்றால் காவலாளியிடம் போன ஜூலையில் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். புரோக்கர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து.